லண்டன் – பாரிஸ்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

கேள்வி: சென்னையில் இருந்து அப்பா, அம்மா ஜூன் மாதம் லண்டன் வருகிறார்கள். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருக்கிறோம். அவர்களை இரண்டு நாள் பாரிஸுக்கு அழைத்துப் போக ஆசை. தூரம் எவ்வளவு என்று தேடினால் 344, 348, 460, 492 என்று நான்கு கணக்கு வருகிறது. விமானத்தில் 50 நிமிடம் என்கிறது ஒரு பக்கம், ஒன்றேகால் மணி என்கிறது இன்னொரு பக்கம். டிக்கெட்டைப் பார்த்தால் போக இரண்டேகால் மணிக்கு மேலும், திரும்பி வர வெறும் இருபது நிமிடமும் ஆகிற மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?

பதில்:

எல்லாவற்றையும் நம்பலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தை அளக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் பயணத்துக்கு அவற்றில் ஒன்றுகூடப் பெரிதாக உதவாது. உங்களுக்கு வேண்டியது ஈஸ்ட் ஹாம் வீட்டுக் கதவைப் பூட்டியதில் இருந்து பாரிஸ் ஹோட்டலில் பெட்டியை இறக்கும் வரை ஆகும் நேரம். அதைக் கணக்குப் போட்டால் விமானம் தோற்கிறது, ரயில் ஜெயிக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் தூரம். ஊரின் நடுவில் இருந்து ஊரின் நடுவுக்கு, வானத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 344 கிலோமீட்டர். ஹீத்ரோ விமான நிலையத்தில் இருந்து பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்துக்கு 348. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஹீத்ரோ லண்டனுக்கு மேற்கே இருக்கிறது, சார்ல் த கோல் பாரிஸுக்கு வடகிழக்கே 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காரில் போனால், இரண்டு நாட்டுக்கும் நடுவே உள்ள கடலான ஆங்கிலக் கால்வாயைக் கடப்பதையும் சேர்த்து, 460 கிலோமீட்டர் போல வரும். ரயில் பாதை 492 கிலோமீட்டர். ரயிலுக்கு ஏன் இத்தனை கூடுதல் என்றால், அது நேராகப் பாரிஸை நோக்கிப் போவதில்லை. கென்ட் மாவட்டம் வழியாகக் கடலோரம் போய், கலே பக்கத்தில் பிரான்சுக்குள் தலையை நீட்டி, கிழக்கே லில் நகரத்தை ஒட்டி வளைந்து, அப்புறம்தான் தெற்கே பாரிஸுக்குத் திரும்புகிறது. விமானம் போவதைவிட நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் அதிகம். அப்படி இருந்தும் முந்துகிறது.

இனி விமானம். 348 கிலோமீட்டரை ஜெட் விமானத்தின் வழக்கமான வேகமான மணிக்கு 850 கிலோமீட்டரால் வகுத்தால் 25 நிமிடம்தான் வரும். ஆனால் அந்த வேகத்தில் விமானம் போவதே சில நிமிடங்கள்தான். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர், என்ற வரம்பு இருக்கிறது. இவ்வளவு சிறிய தூரத்துக்கு முப்பத்தைந்தாயிரம் அடி ஏறுவதும் இல்லை. இருபதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் போதும் என்று நேர்ப்படுத்தி, சீக்கிரமே இறங்கத் தொடங்கிவிடுவார்கள். பணிப்பெண் டீ வண்டியை ஒரு முனையில் இருந்து மறு முனைக்குத் தள்ளி முடிப்பதற்குள் குப்பை வாங்க இன்னொருவர் பின்னாலேயே வந்துவிடுவார்.

பாதையும் நேர்க்கோடு இல்லை. ஹீத்ரோவில் பெரும்பாலான நாள் காற்று மேற்கில் இருந்து வருவதால் விமானம் மேற்குப் பார்த்து ஏறுகிறது. பாரிஸ் இருப்பதோ தென்கிழக்கே. ஏறியதும் இடது பக்கம் வளைந்து, சசெக்ஸ் கரையைத் தாண்டி, கால்வாயின் அகலமான பகுதியைக் கடந்து நார்மண்டிப் பக்கம் நுழையும். அதே மேற்குக் காற்று பாரிஸிலும் அடித்தால் அங்கேயும் மேற்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வடமேற்கில் இருந்து வரும் விமானம் சட்டென்று இறங்க முடியாது. விமான நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய், திரும்பி வந்து இறங்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குக் கீழே ஓடுபாதை தெரியும். 'வந்தாச்சு' என்று பெல்ட்டில் கை வைப்பார். அப்புறமும் பத்து நிமிடம் பறந்துகொண்டிருப்போம்.

இவ்வளவும் சேர்ந்து சக்கரம் தரையை விட்டதில் இருந்து மறுபடி தரையைத் தொடும் வரை 45, 50 நிமிடம். நீங்கள் பார்த்த 50 இதுதான். விமான நிறுவனம் டிக்கெட்டில் போடுவது இதை அல்ல. லண்டன் கேட்டில் இருந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் நொடியில் இருந்து பாரிஸ் கேட்டில் கொண்டுபோய் நிறுத்தும் வரை உள்ள நேரத்தைத்தான் அவர்கள் எண்ணுவார்கள். 'பிளாக் நேரம்' என்பார்கள். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதை. நாள் முழுக்க ஏறக்குறைய நிரம்பி வழியும். ஏறுவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். சார்ல் த கோலில் ஓடுபாதை நான்கு, ஆனால் இடம் பரந்து கிடப்பதால் இறங்கிய பிறகு தரையில் உருண்டு டெர்மினலுக்கு வரவே சில சமயம் கால் மணி ஆகும். தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகக் காட்டலாம் என்று கொஞ்சம் கூட்டியும் வைப்பார்கள். அதனால்தான் 1 மணி 15 நிமிடம், 1 மணி 20 நிமிடம் என்று போடுகிறார்கள்.

திரும்பி வரும்போது இன்னொரு விஷயம் உண்டு. ஹீத்ரோவைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை வட்டமடிக்க வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவார்கள். பாரிஸில் இருந்து வருகிறவை பெரும்பாலும் தென்கிழக்கே பிகின் ஹில் மேலே சுற்றும். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பத்து நிமிடம் அங்கேயே போய்விடும். பறந்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது!

காற்றைப் பற்றியும் கேட்பார்கள். லண்டன் – நியூயார்க் போன்ற நீண்ட கிழக்கு மேற்குப் பயணத்தில் அது ஒரு மணி நேர வித்தியாசத்தைக்கூடக் கொடுக்கும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் சமயத்தில் நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஐந்து மணிக்கும் குறைவான நேரத்தில் லண்டன் வந்து சேர்ந்தது. லண்டன் – பாரிஸில் அதன் வேலை சில நிமிடம்தான். மறந்துவிடலாம்.

அடுத்து, உங்களைக் குழப்பிய அந்த இருபது நிமிடம். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் பாரிஸ் நேரப்படி 12.20-க்குச் சேர்வீர்கள். பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பினால் லண்டன் நேரப்படி 10.20-க்கே வந்துவிடுவீர்கள். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். கோடையில் இரண்டு நாடும் ஒரே நாளில் கடிகாரத்தை மாற்றுவதால் வருடம் முழுக்க இந்த ஒரு மணி நேர வித்தியாசம் மாறாது.

உண்மையில் சூரியக் கணக்குப்படி இந்த வித்தியாசத்துக்கு நியாயமே இல்லை. கிரீனிச்சுக்கும் பாரிஸுக்கும் சூரியன் காட்டும் வித்தியாசம் 9 நிமிடம் 21 விநாடி மட்டும். 1911-இல் பிரான்ஸ் உலக நேரத்தோடு சேர்ந்துகொண்டபோது 'கிரீனிச் நேரம்' என்று எழுத மனம் வரவில்லை. 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது' என்று சட்டத்தில் எழுதினார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். 1940-இல் ஜெர்மனி ஆக்கிரமித்தபோது பாரிஸ் கடிகாரம் ஜெர்மன் நேரத்துக்குப் போனது. போர் முடிந்த பிறகும் அந்த முன்னால் ஓடும் நேரம்தான் நிலைத்தது. இது உங்கள் பயணத்தையே தொடுகிற விஷயம்: ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். ஐஃபல் கோபுரம் மினுமினுப்பதைப் பெற்றோருக்குக் காட்ட வேண்டுமென்றால் பதினொரு மணி வரை விழித்திருக்க வேண்டும். மதியம் ஒரு தூக்கம் போட வையுங்கள்.

சரி, கதவில் இருந்து கதவுக்கு வருவோம்.

ஈஸ்ட் ஹாமில் இருந்து ஹீத்ரோ போக ஒன்றேகால் மணி. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி ஒயிட்சாப்பலில் எலிசபெத் லைனுக்கு மாறலாம். விமானம் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். விமானம் ஒன்றேகால், ஒன்று இருபது. பாரிஸில் இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் வரிசையில் நின்று, பெட்டி எடுக்க முக்கால் மணி என்பது நல்ல நாளில். அப்புறம் ஆர்இஆர் பி ரயிலில் ஊருக்குள் வர, காத்திருப்பையும் சேர்த்து 40 நிமிடம். மொத்தம் ஆறு மணி நேரம். இதில் வானத்தில் இருந்தது ஐம்பது நிமிடம்.

ரயிலில்? ஈஸ்ட் ஹாமில் இருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் நேராக கிங்ஸ் கிராஸ் சென்ட் பாங்க்ரஸ் போகிறது. மாற வேண்டாம், அரை மணிக்குக் கொஞ்சம் மேல். லண்டன் – பாரிஸ் அதிவேக ரயிலான யூரோஸ்டாருக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி முன்னால் போய்விடுங்கள். ரயில் பயணம் இரண்டேகால் மணி, சில வண்டிகளுக்கு அதைவிடச் சற்று கூடுதல். பாரிஸின் கார் து நார் நிலையத்தில் இறங்கினால் ஊருக்குள்ளேயே நிற்கிறீர்கள். மொத்தம் நாலேகால், நாலரை மணி.

ரயில் ஜெயிப்பதற்கு அதன் வேகம் பாதிக் காரணம்தான். தரைமேல் மணிக்கு 300 கிலோமீட்டர் போகிறது, ஆனால் கடலுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் 160-தான். மீதிக் காரணம் இமிக்ரேஷன். பிரெஞ்சு அதிகாரிகள் லண்டன் சென்ட் பாங்க்ரஸிலேயே உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் வேலையை முடித்துவிடுகிறார்கள். பாரிஸில் இறங்கினால் யாரும் உங்களை நிறுத்துவதில்லை. பெட்டியை உருட்டிக்கொண்டு நேராகத் தெருவுக்கு வரலாம். 2025 அக்டோபரில் ஐரோப்பாவுக்குள் நுழையும் வெளிநாட்டவரின் கைரேகையும் முகப்படமும் பதிகிற புது முறை தொடங்கியிருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு அதில் கூடுதல் நேரம் பிடிக்கும். பெற்றோருக்காக அந்த ஒன்றரை மணியைக் குறைக்காதீர்கள்.

பெட்டி விஷயத்திலும் ரயில் தாராளம். ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. எடை போடுவதில்லை, விமானத்தில் மாதிரி திரவத்துக்கு நூறு மில்லி என்ற கணக்கும் கிடையாது. தண்ணீர் பாட்டில், ஊறுகாய் ஜாடி எல்லாம் போகும். நெய்யும் பாலாடைக்கட்டியும் போகாது. பிரிட்டனில் இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் பால் பொருளும் இறைச்சியும் தனிநபர் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அம்மா சென்னையில் இருந்து கொண்டுவந்த நெய் டப்பாவை லண்டன் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

'கடலுக்கு அடியில் போகும்போது மீன் தெரியுமா' என்று அப்பா கேட்கக்கூடும். தெரியாது. சுரங்கம் கடற்படுகைக்கும் கீழே, சராசரியாக 40, 50 மீட்டர் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து போகிறது. மொத்த நீளம் ஐம்பது கிலோமீட்டர், அதில் கடலுக்குக் கீழே 38. இருபது நிமிடம் ஜன்னல் கறுப்பாக இருக்கும், காது லேசாக அடைக்கும். 'எப்போ கடல் வரும்' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பிரான்ஸ் வயல்கள் வந்துவிடும். கடலைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும் என்றால் டோவரில் கப்பல் ஏற வேண்டும். கலேவுக்கு ஒன்றரை மணி.

ரயிலும் எப்போதும் இவ்வளவு வேகமாக இருந்ததில்லை. சுரங்கம் 1994 மே 6 அன்று திறந்தது, எலிசபெத் ராணியும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் சேர்ந்து. அப்போது லண்டன் முனை வாட்டர்லூ. பிரெஞ்சுப் பக்கம் பறந்துவந்த ரயில் கென்ட்டுக்குள் நுழைந்ததும் உள்ளூர் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும். பாரிஸுக்கு மூன்று மணி ஆனது. இங்கிலாந்துப் பக்கமும் அதிவேகப் பாதை முடிந்து, 2007 நவம்பர் 14 அன்று சென்ட் பாங்க்ரஸுக்கு மாறிய பிறகுதான் இரண்டேகாலுக்கு இறங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 4 அன்று, ஒரு ரயில் பாரிஸில் கிளம்பி 2 மணி 3 நிமிடம் 39 விநாடியில் லண்டன் வந்து சாதனை வைத்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டன் – பாரிஸ் தினசரி விமான சேவை தொடங்கியபோது அந்த முதல் விமானம் ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்தில் இருந்து பாரிஸ் பக்கத்து லெ பூர்ஜே போக இரண்டரை மணி எடுத்தது. ஒரே ஒரு பத்திரிகையாளர், சில தோல்கள், கவுதாரி போன்ற வேட்டைப் பறவைகள், டெவன்ஷயர் க்ரீம் ஜாடிகள், இவைதான் சுமை. அன்றைய விமானத்தைவிட இன்றைய ரயில் வேகம்.

அப்படியானால் விமானம் யாருக்கு? ஹவுன்ஸ்லோ, சவுத்ஹால் பக்கம் வீடு என்றால் ஹீத்ரோ இருபது நிமிடம். சென்ட் பாங்க்ரஸ்தான் ஒரு மணி நேரம். அவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம், எது மலிவோ அதில் போகலாம். சென்னையில் இருந்து வந்து லண்டனில் தங்காமல் அன்றே பாரிஸ் போகிறவர்களுக்கும், ஒரே டிக்கெட்டில் இருந்தால், விமானம்தான் சரி. கட்விக், லூட்டன் நிலையங்களில் மலிவாக டிக்கெட் கிடைக்கும். ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு, அந்த நிலையத்துக்குப் போகும் ரயிலுக்குத் தனிக் காசு என்று கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். யூரோஸ்டார் டிக்கெட் கடைசி நேரத்தில் விலை ஏறும். ஜூன் பயணத்துக்கு மார்ச்சிலேயே போட்டால் நல்லது. பேருந்தும் இருக்கிறது, எட்டு ஒன்பது மணி நேரம், பெரும்பாலும் இரவில். மாணவர்களுக்குச் சரி, பெற்றோருக்கு வேண்டாம்.

தூரம் ஓர் இடத்தில் நிஜமாகவே முக்கியம்: தாமத இழப்பீடு. லண்டனில் இருந்து கிளம்பும் விமானம், நிறுவனத்தின் தவறால், மூன்று மணி அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 220 பவுண்ட் கேட்கலாம். பாரிஸில் இருந்து கிளம்பினால் 250 யூரோ. 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களுக்கான தொகை இது. அந்தத் தூரத்தை விமானம் சுற்றிப் போன பாதையில் அளப்பதில்லை, இரண்டு இடத்துக்கும் இடையே பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். 'போய்ச் சேர்ந்த நேரம்' என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமும் அல்ல. விமானத்தின் ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்று ஆன நேரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. மூன்று மணியை ஒட்டிய தாமதம் என்றால் கதவு திறக்கும் நிமிடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டரைவிடப் பெரிய தடை விசா. பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் போக முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனியாக, பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா வேண்டும். அதைப் பெற்றோர் லண்டன் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக, குடியிருக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலாவாக வந்தவரிடம் 'சென்னையில் ஏன் போடவில்லை' என்றுதான் கேட்பார்கள். பிரிட்டன் விசா கைக்கு வந்ததும், ஊரிலேயே ஷெங்கனுக்கும் போட்டுவிடட்டும். சாதாரண பிரிட்டன் சுற்றுலா விசா பல முறை நுழைய அனுமதிப்பது. அதனால் பாரிஸ் போய்த் திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. ஆனாலும் விசாவில் எழுதியிருப்பதை ஒரு தடவை சரிபாருங்கள்.

போகிற அன்று காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் ரயிலாக எடுங்கள். அதற்கு முந்தையது என்றால் பெற்றோரை நாலு மணிக்கே எழுப்ப வேண்டும். ஒரு மணி நேரம் இழப்பதால் பாரிஸ் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை ஆகிவிடும், சாப்பாட்டு நேரம். கார் து நாரை விட்டு வெளியே வந்து வடக்கே சில நிமிடம் நடந்தால் லா ஷப்பேல். தமிழ்ப் பெயர்ப் பலகைகளும் ஈழத்தமிழர் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. வந்த அன்றே பிரெஞ்சு மெனுவோடு அம்மா மல்லுக்கட்ட வேண்டாம். திரும்பும் நாளில் யூரோஸ்டார் செக்-இன் அதே நிலையத்தின் மாடியில் இருக்கிறது. பிரிட்டிஷ் இமிக்ரேஷன் அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். லண்டன் முகவரி, ஊருக்குத் திரும்பும் விமான டிக்கெட், இவற்றின் நகலை அப்பா கையில் கொடுத்து வையுங்கள். கேள்வி லண்டனில் இல்லை, பாரிஸிலேயே வரும்.